டைம்டேபிள் போட்டு போட்டு கிழிச்சாச்சு, ஒரு நாளைக்கு எவ்ளோ தான் செய்யுறது?

பஸ்பாஸ்_மஞ்சக்குப்பம்:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்க மட்டும் தான் வருவேன், இன்னைக்கு தான் முதல்ல எழுதுறேன். பஸ்ல நின்னுகிட்டே ஒத்த கையால அடிக்கிறேன், பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

வீடு கடலூர் மஞ்சக்குப்பம். வேலை பாண்டில, மரப்பாலத்துகிட்ட ஒரு சின்ன கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். வயசு 34. பையன் மூணாவது. வீட்டுக்காரர் நெய்வேலி பக்கம் கான்ட்ராக்ட் வேலை, ஷிப்ட் மாறிகிட்டே இருக்கும். மாமனாருக்கு மாசி மாசம் ஸ்ட்ரோக் வந்து வலது கை கால் விழுந்துடுச்சு, இப்ப குச்சி ஊணி கொஞ்சம் நடக்குறாரு. மாமியாருக்கு முட்டி வலி, அடுப்புகிட்ட பத்து நிமிஷத்துக்கு மேல நிக்க முடியாது. இதுக்கு நடுவுல நான் அரசு வேலைக்கு குரூப் 4 பரீட்சைக்கு படிக்கிறேன்னு ரெண்டு வருஷமா சொல்லிகிட்டு திரியுறேன்.

காலைல 5.15க்கு எழுந்திருச்சா தண்ணி புடிச்சு பால் காய்ச்சி மாமனாருக்கு சுகர் செக் பண்ணி மாத்திரை குடுத்து ரெண்டு வேளை சமையல் முடிச்சு பையன எழுப்பி குளிக்க வெச்சு டிபன் கட்டி வேன்ல ஏத்தும்போது 8 ஆயிடும், அப்புறம் நான் ஓடிப்போய் பஸ் புடிச்சா அது ஸ்டேண்டுலயே நெரம்பி தான் வரும், பாதி நாள் நின்னுகிட்டே போவேன். 9.30 ஆபீஸ், 6 மணிக்கு விடுவாங்க, வீடு வந்து சேர 7.30. திரும்ப சமையல், ஹோம்வொர்க், மாமனாருக்கு கை கால் எக்சர்சைஸ், பாத்திரம், மறுநாளைக்கு காய் நறுக்கி வெக்கிறது. தூங்க 11.30 ஆயிடும். சனிக்கிழமையும் ஆபீஸ் உண்டு. ஞாயித்துக்கிழமை துணி, வீடு, யாராவது வீட்டு காது குத்து. மாசத்துக்கு ஒரு நாள் பர்மிஷன் போட்டு ஆஸ்பத்திரில மாமனார் மாத்திரைக்கு வரிசைல நிக்கணும்.

யூடியூப் பாத்து இதுவரைக்கும் மூணு டைம்டேபிள் போட்டேன். அஞ்சு கலர் ஸ்கெட்ச்ல கோடு கிழிச்சு பிரிட்ஜ் மேல ஒட்டுனேன். காலைல 4ல இருந்து 5 வரைக்கும் தமிழ், நைட்டு 9ல இருந்து 11 பொது அறிவு. முதல் தடவை நாலு நாள் ஓடுச்சு. ரெண்டாவது தடவை ரெண்டு நாள். மூணாவது ஒட்டுன அன்னைக்கே பையனுக்கு காய்ச்சல். அந்த பேப்பர பாக்கும்போதெல்லாம் யாரோ என்ன திட்டுற மாதிரி இருக்கு. சில நாள் பஸ்ல ரெட்டிச்சாவடி தாண்டும்போது காரணமே இல்லாம அழுக வந்துடுது, துப்பட்டாவால மூஞ்ச மூடிகிட்டு நிப்பேன்.

நிஜமா இந்த மாதிரி வாழ்க்கைல இருக்கிறவங்க எப்படி நேரத்த சமாளிக்கிறீங்க? "மனசு வெச்சா முடியும்"னு மட்டும் சொல்லாதீங்க, மனசு நெறய வெச்சாச்சு.

விடியல்_வெற்றி:

சகோதரி, பிரச்சனை நேரம் இல்ல, ஒழுக்கம். பிரம்ம முகூர்த்தத்துல எழுந்து பாருங்க, 3.30 மணி. உலகமே தூங்கும்போது நீங்க முழிச்சிருந்தா ரெண்டு மணி நேரம் எக்ஸ்ட்ரா. விடாம செஞ்சா பழகிடும். எல்லாருக்கும் 24 மணி நேரம் தான், சாதிச்சவங்களுக்கும் அதே 24 தான். நான் அப்படித்தான் படிச்சு வேலைக்கு வந்தேன்.

நைட்_டூட்டி_நர்ஸ்:

விடியல் சார், நீங்க 3.30க்கு எழுந்தப்போ உங்களுக்கு காபி போட்டு குடுத்தது யாரு? கோவிச்சுக்காதீங்க, சும்மா கேட்டேன்.

அக்கா, நான் பாண்டில ஒரு ஆஸ்பத்திரில கேஷுவாலிட்டில இருக்கேன். முதல்ல தூக்கம். 11.30க்கு படுத்து 5.15க்கு எழுந்தா அஞ்சே முக்கா மணி நேரம். பெரியவங்களுக்கு 7 மணி நேரமாவது வேணும்னு தான் டாக்டருங்க சொல்றாங்க, நீங்க ஏற்கனவே கடன்ல ஓடுறீங்க. இதுலயும் பிச்சு படிக்க எடுத்தா அது கந்து வட்டி. படிச்சது மண்டைல நிக்காது, மாமனார் மாத்திரைல காலைக்கும் நைட்டுக்கும் மாறிடும், நான் பாத்துருக்கேன் அந்த மாதிரி கேஸு. அதனால 4 மணி பிளான இன்னைக்கே பிரிட்ஜ்ல இருந்து கிழிச்சு போடுங்க.

ரெண்டாவது. எங்களுக்கு ஒரு ஆக்சிடென்ட்னு ஒரே நேரத்துல பத்து பேர் வந்தா பேர் பதிஞ்ச வரிசைல பாக்க மாட்டோம். சிவப்பு, மஞ்சள், பச்சைனு பிரிப்போம். புதுசா டிரெயினிங் வர்ற பொண்ணுங்க யாரு கத்துறாங்களோ அங்க தான் ஓடுவாங்க. சீனியர் சிஸ்டர் சொல்வாங்க, கத்துறவங்க மூச்சு விடுறாங்கனு அர்த்தம், சத்தமே இல்லாம ஓரத்துல சாஞ்சு கிடக்குறவங்கள முதல்ல பாருனு. வீட்டுலயும் அதே தான் நடக்குது. குக்கர் கத்துது, போன் கத்துது, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் கத்துது, சத்தம் போடாம ஓரத்துல கிடக்குறது நீங்க தான்.

பஸ்ல அழுக வருதுனு ஒரே வரில சொல்லிட்டு தாண்டி போயிட்டீங்க. நான் தாண்ட மாட்டேன். ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா 14416க்கு போன் போடுங்க, டெலி மானஸ், அரசாங்கத்தோடது, காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். பைத்தியத்துக்கு தான் அதெல்லாம்னு நினைக்காதீங்க, எங்க ஸ்டாஃப்லயே பேசுனவங்க இருக்காங்க.

தையக்கட_முத்தியால்பேட்ட:

நேரத்த பத்தி பேச டெய்லர் வந்துட்டானானு சிரிப்பீங்க. ஊர்லயே அதிகமா பொய் தேதி சொன்னவன் நான் தான், அதனால தான் வந்தேன்.

19 வருஷமா லேடீஸ் டெய்லர். ஒரு லைனிங் பிளவுஸ் நான் நாற்காலிய விட்டு எழுந்திரிக்காம தெச்சா கட்டிங்கோட சேத்து ரெண்டு மணி நேரம். கடை பத்து மணி நேரம், அப்ப ஒரு நாளைக்கு அஞ்சு. தீபாவளிக்கு முன்னாடி 20 நாள் இருக்குனா 100 பிளவுஸ். கணக்கு சுத்தமா இருக்கா? இருக்கு. அந்த கணக்குல தான் வருஷா வருஷம் 100 பீஸ் வாங்குவேன், வருஷா வருஷம் தீபாவளிக்கு மொத நாள் நைட்டு கடை வாசல்ல நாப்பது பொம்பளைங்க நிப்பாங்க, நான் பின் வாசல்ல பீடி புடிச்சிக்கினு ஒளிஞ்சிருப்பேன்.

ஒரு வருஷம் ஒரு பொண்ணுக்கு வளைகாப்பு. பட்டு பிளவுஸ், கை மட்டும் ஏத்தல. காலைல ஆறு மணிக்கு அவங்க அம்மா வந்தாங்க. திட்டுவாங்கனு பாத்தா ஒரு வார்த்தை பேசல, துணிய மடிச்சு பைல வெச்சுக்கினு போயிட்டாங்க. திட்டியிருந்தா மறந்துருப்பேன்.

அந்த ராத்திரி பழைய பில் புக்க எடுத்து உக்காந்தேன். எத்தனை ஆர்டர் வாங்குனேன்னு பாக்கல, எத்தனை டெலிவரி குடுத்தேன்னு எண்ணுனேன். ஒரு நாளைக்கு மூணு. அஞ்சு இல்ல, மூணு! கரண்டு போவுது, பாபின் தீருது, மேட்சிங் நூல் இல்லனு சைக்கிள எடுக்குறேன், ஒரு அம்மா வந்து அக்குள்ல புடிக்குதுனு பிரிச்சு ஆல்டர் பண்ண சொல்றாங்க, இன்னொரு அம்மா சும்மா உக்காந்து மருமக கதை சொல்றாங்க. இதெல்லாம் இடைஞ்சல்னு நினைச்சிக்கினு இருந்தேன் நானு. இது தான் என் வேலையோட அளவே. அளவு பிளவுஸ் கைல இருக்கும்போது என் மனசுக்கு தோணுன சைஸ்ல தெச்சா எப்படி உடம்புல ஏறும்?

அதுல இருந்து 20 நாளைக்கு 60. அதுலயும் 55 ஆனதும் ஸ்லேட்டுல ஆர்டர் க்ளோஸ்னு எழுதிடுவேன், அஞ்சு எடம் திடீர் நிச்சயதார்த்தத்துக்கு. ஹூக், ஹெம்மிங் எல்லாம் பக்கத்து தெரு அக்காவுக்கு பீஸ் கணக்குல குடுத்துட்டேன், என்ன விட அவங்க நல்லா பண்றாங்க, இத்தினி வருஷம் ஏன் நானே செஞ்சேன்னு தெரியல. மொத வருஷம் பழைய கஸ்டமர் மூணு பேர் கோவிச்சுக்கினு போனாங்க, இன்னி வரைக்கும் திரும்பி வரல. அதையும் சொல்லணும்ல.

உங்க டைம்டேபிள்ல இருக்கிறது நான் போட்ட 100 கணக்கு மா. ஒரு வாரம் பில் புக் மாதிரி எழுதி பாருங்க, நிஜமா கைல எவ்ளோ நிக்குதுனு.

பஸ்பாஸ்_மஞ்சக்குப்பம்:

அண்ணா, பின் வாசல் பீடிய படிச்சுட்டு பஸ்லயே சிரிச்சுட்டேன், பக்கத்துல இருந்தவங்க ஒரு மாதிரி பாத்தாங்க. இன்னைல இருந்து எழுதுறேன். நர்ஸ் தங்கச்சி, நம்பர் சேவ் பண்ணிட்டேன்.

சாக்பீஸ்:

டெய்லர் அண்ணன் சொன்னதுக்கு ஒரு பேரே இருக்கு. 1979ல டேனியல் கானமன், அமோஸ் ட்வெர்ஸ்கினு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் எழுதுனாங்க, திட்டமிடல் பிழைனு வெச்சுக்கலாம். மனுஷன் ஒரு வேலைக்கு எவ்ளோ நேரம் ஆகும்னு யோசிக்கும்போது அந்த வேலைய மட்டும் தான் மனசுல ஓட்டி பாப்பான், இதே மாதிரி வேலை போன தடவை எவ்ளோ இழுத்துச்சுனு பாக்கவே மாட்டான். 1994ல வந்த ஒரு கனடா ஆய்வுல காலேஜ் பசங்ககிட்ட புராஜெக்ட் எத்தனை நாள்ல முடிப்பீங்கனு கேட்டாங்க. சராசரியா 34 நாள்னாங்க. எல்லாமே சொதப்புனா எத்தனை நாள்னு கேட்டதுக்கு 49னாங்க. கடைசில ஆனது 55. அதாவது ரொம்ப மோசமா போனா இவ்ளோனு பயந்து சொன்ன கணக்கே பத்தல. அதனால உங்க மேல தப்புனு நினைக்காதீங்க, இது மனுஷ மூளையோட வியாதி. நான் பேப்பர் திருத்துறதுல இன்னும் இதே தப்ப பண்றேன், நாளைக்கு 40 கட்டு பாக்கி.

இப்ப உங்க கேஸுக்கு வரேன். கடலூர்ல வீடு, பாண்டில வேலைங்கிறது ரெண்டு அரசாங்கத்துக்கு நடுவுல குடும்பம் நடத்துறது. ஐப்பசி கார்த்திகைல மழைனு கடலூர் கலெக்டர் ஸ்கூலுக்கு லீவு விடுவார், பாண்டில உங்க ஆபீஸ் தொறந்து தான் இருக்கும். பையன யாரு பாப்பா? அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மூணு மாசம் படிப்பு டார்கெட்ட பாதியாக்குங்க. 2024 நவம்பர் கடைசில பெஞ்சல் புயல் வந்து பாண்டில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சே, அந்த வாரம் யாரு என்ன படிச்சோம்? தண்ணி இறைச்சோம். நம்ம ஊர்ல அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் போடுற எந்த பிளானும் வானத்த கேட்டுட்டு தான் போடணும். மாத்தி ஒண்ணு இருக்கு பாருங்க. நவம்பர் 1 பாண்டிக்கு விடுதலை நாள், ஆகஸ்ட் 16ம் லீவு. தமிழ்நாட்டுல அன்னைக்கு ஸ்கூல் உண்டு. உங்க ஆபீஸ் அந்த ரெண்டு நாள் லீவு விடுமா? விட்டா, பையன் ஸ்கூல்ல இருக்க நீங்க வீட்டுல இருக்கிற நாள் வருஷத்துல அது தான். அன்னைக்கு ஒட்டடை அடிக்க ஆரம்பிச்சுடாதீங்க.

படிப்பு விஷயம். குரூப் 4ல 200 கேள்வில 100 தமிழ். தமிழ்ல 40 சதவீதம் வரலனா மீதி பேப்பர திருத்தவே மாட்டாங்க. கைல இருக்கிறது வாரத்துக்கு நாலு மணி நேரம் தான்னு கணக்கு வந்தா, மொத்த சிலபஸையும் தொடாதீங்க, அடுத்த ஆறு மாசம் தமிழ் மட்டும், 6ல இருந்து 10 வரைக்கும் ஸ்கூல் புக்கு. பொது அறிவ மூடி பரண்ல போடுங்க. கஷ்டமா இருக்கும், தெரியும். பஸ்ல நின்னுகிட்டு புக்கு படிக்க முடியாது, ஆனா காதுக்கு கைப்புடி கம்பி தேவையில்ல. நீங்களே கேள்வி பதில போன்ல பேசி ரெக்கார்ட் பண்ணி கேளுங்க.

நெல்லிக்குப்பத்தான்:

மாத்திரைக்கு ஏன் மாசா மாசம் பர்மிஷன் போட்டு நிக்கிறீங்க? மக்களைத் தேடி மருத்துவம்னு 2021 ஆகஸ்ட்ல இருந்து ஓடுது. சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே கொண்டு வந்து குடுப்பாங்க, ஸ்ட்ரோக் வந்தவங்களுக்கு பிசியோதெரபி கூட வீட்டுக்கு வந்து பண்றது அதுல இருக்கு. உங்க ஏரியா நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல பழைய சீட்ட காட்டி பேர் பதிஞ்சுடுங்க. எங்க அப்பாவுக்கு அப்படித்தான் வருது. சில மாசம் நாலஞ்சு நாள் லேட்டாகும், அதனால ஒரு பத்து நாள் மாத்திரை எப்பவும் எக்ஸ்ட்ரா வெச்சுக்கோங்க.

அப்புறம் காது குத்து. மொய் தான விஷயம்? ஜிபேல 500 அனுப்பி அத்தைக்கு ஒரு போன் போட்டு "மாமாவ விட்டுட்டு வர முடியல"னு சொன்னா முடிஞ்சுது. ஸ்ட்ரோக் வந்தவர வீட்டுல வெச்சுகிட்டு வரலனு எவனும் கோவிச்சுக்க மாட்டான். கோவிச்சுக்கிறவன் பிரியாணி கணக்கு பாக்குறவன்.

உப்பனாறு:

எல்லாரும் அழகழகா ஐடியா குடுக்குறீங்க. வீட்டுக்காரர் எங்கனு ஒருத்தரும் கேக்கல பாத்தீங்களா? மத்திய அரசோட 2024 நேரப் பயன்பாட்டு கணக்கெடுப்புல, சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யுற பொம்பளைங்க ஒரு நாளைக்கு 289 நிமிஷம் செய்யுறாங்க, ஆம்பளைங்க 88 நிமிஷம். அதுவும் வீட்டு வேலை கொஞ்சமாவது செய்யுற ஆம்பளைங்களோட சராசரி அது. ஒண்ணுமே செய்யாதவங்க அந்த கணக்குலயே வர மாட்டாங்க. டைம்டேபிள் பிரிட்ஜ் மேல ஒட்டுறதுக்கு பதிலா அவர் சட்டை மேல ஒட்டுங்க.

பஸ்பாஸ்_மஞ்சக்குப்பம்:

உப்பனாறு அக்கா, அவர் அப்படிப்பட்டவர் இல்ல. நைட் ஷிப்ட் முடிச்சு வந்து கட்டை மாதிரி தூங்குவாரு, அவரையும் பாக்கணும்ல.

உப்பனாறு:

நைட் ஷிப்ட் வாரத்த நான் கேக்கல. பகல் ஷிப்ட் வாரத்துல எத்தனை மணிக்கு வருவாரு?

பஸ்பாஸ்_மஞ்சக்குப்பம்:

நாலு மணிக்கு.

உப்பனாறு:

ம்.

பஸ்பாஸ்_மஞ்சக்குப்பம் (மூணு வாரம் கழிச்சு):

லேட்டா வந்ததுக்கு சாரி. காலாண்டு லீவுல பையன் வீட்டுலயே இருந்தான், அப்புறம் ஆடிட்டர் வர்ற நேரம், போன தொடவே முடியல.

டெய்லர் அண்ணா சொன்ன மாதிரி பால் கணக்கு நோட்டோட பின் பக்கத்துல ஒரு வாரம் எழுதுனேன். யாரும் கூப்புடாம, அடுப்புல எதுவும் இல்லாம, எனக்குனு கெடைச்ச நேரம் மட்டும். திங்கள் 20 நிமிஷம். செவ்வாய் ஒண்ணும் இல்ல. புதன் 35, வியாழன் 15, வெள்ளி ஒண்ணும் இல்ல, சனி 40, ஞாயிறு மதியம் எல்லாரும் தூங்குனப்போ 140. மொத்தம் 4 மணி 10 நிமிஷம். பிரிட்ஜ் மேல நான் ஒட்டுனது வாரத்துக்கு 21 மணி நேரம்! பாத்துட்டு அழுக வரும்னு நினைச்சேன், வரல, ஒரு மாதிரி நிம்மதியா தான் இருந்துச்சு. நான் சோம்பேறி இல்லனு எழுத்துல இருக்குல்ல.

இன்னொண்ணு தெரிஞ்சுது. நைட்டு 10.30க்கு படுத்து 11.30 வரைக்கும் ரீல்ஸ் பாத்துருக்கேன். வெக்கமா இருந்துச்சு. ஆனா யோசிச்சு பாத்தா ஒரு நாள்ல யாரும் என்ன கூப்புடாத ஒரே நேரம் அது தான், அத விட மனசு வரல. இப்ப 20 நிமிஷம் பாத்துட்டு போன ஹால்ல சார்ஜ் போட்டுட்டு வந்துடுறேன். வாரத்துல நாலு நாள் நடக்குது. மூணு நாள் நடக்கல.

மாத்திரைக்கு பேர் பதிஞ்சாச்சு, முதல் மாசம் வந்துடுச்சு. பிசியோ இன்னும் வரல, கேட்டுருக்கோம். பேர் பதிய போனது என் வீட்டுக்காரர்.

உப்பனாறு அக்கா, அந்த "ம்" இருக்கே, ரெண்டு நாள் தூங்க விடல. பகல் ஷிப்ட் வாரத்துல அப்பாவுக்கு எக்சர்சைஸும் பையன் ஹோம்வொர்க்கும் அவரோடதுனு பேசியாச்சு. முதல் நாள் ஹோம்வொர்க் நோட்டுல கணக்க அவரே போட்டு குடுத்துட்டாரு, மிஸ் சிவப்பு மைல வட்டம் போட்டு அனுப்புனாங்க. மாமியார் ரெண்டு நாள் மூஞ்சிய தூக்கி வெச்சிருந்தாங்க, "எம்புள்ள வேலைக்கு போயிட்டு வந்து"னு. மூணாவது நாள் மாமனார், பேச்சு இன்னும் தெளிவா வரல அவருக்கு, திக்கி திக்கி "அவன் புடிச்சா தெம்பா நிக்கிறேன்"னாரு. அதுக்கப்புறம் மாமியார் ஒண்ணும் பேசல. நைட் ஷிப்ட் வாரத்துல பழையபடி எல்லாம் என் தலைல தான். அதுக்கு இன்னும் வழி தெரியல.

நைட்டு சமையல்ல வாரத்துக்கு மூணு நாள் காலைல ஆட்டி வெச்ச மாவு, தோசை, பொடி, அவ்ளோ தான். யாரும் செத்துப்போகல.

பொது அறிவு புக்க பரண்ல ஏத்துனப்போ தான் நிஜமாவே கஷ்டமா இருந்துச்சு சாக்பீஸ் சார். தமிழ் மட்டும் தான் இப்ப, ஆறாவது முடிஞ்சு ஏழாவதுல பாதி. ரெக்கார்டிங் நான் பேசுனா எனக்கே தூக்கம் வருது, அதனால பையன வாசிக்க சொன்னேன். ஒரு கேள்விக்கு ஒரு ரூபா கேட்டான், அம்பது பைசாவுல முடிச்சேன். "பதினெண்கீழ்க்கணக்கு நூல்கள் எத்தனை"னு ஒரு கேள்வி, அந்த வார்த்தைய ஏழு தடவை உடைச்சு உடைச்சு சொல்லி கடைசில "அம்மா இதுக்கு ரெண்டு ரூபா"ங்கிறான், அதுவும் ரெக்கார்ட் ஆகியிருக்கு. தெனமும் கிருமாம்பாக்கம் வரும்போது அந்த எடம் ஓடும். பதினெட்டுனு இனிமே மறக்காது.

நவம்பர் 1 லீவு உண்டுனு எச்.ஆர்.கிட்ட கேட்டுட்டேன். காலண்டர்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன், வீட்டுல யாருக்கும் சொல்லல. நாத்தனார் ரெண்டு பட்டுப்புடவை குடுத்து "ஃபால்ஸ் அடிச்சு குடு, நீ தான் நல்லா தெப்ப"னு சொல்லிட்டு போயிருக்காங்க, ஏழு மாசமா பீரோ மேல கிடக்குது. அன்னைக்கு லீவுனு தெரிஞ்சா அதுக்கு போயிடும் நேரம்.

நைட்_டூட்டி_நர்ஸ்:

பஸ்ல அழுகை?

பஸ்பாஸ்_மஞ்சக்குப்பம்:

இந்த வாரம் ஒரு தடவை. அதுக்கு முந்தின வாரம் மூணு. ஒரு நாள் 14416க்கு போட்டேன், மொட்டை மாடில துணி காயப்போடுற மாதிரி நின்னுகிட்டு அரை மணி நேரம் பேசுனேன். திரும்ப பேசுறேன்னு சொல்லியிருக்கேன்.

விடியல்_வெற்றி:

நான் போட்ட பதில திரும்ப படிச்சேன். காபி போட்டு குடுத்தது எங்க அக்கா. அவங்க எந்த பரீட்சையும் எழுதல.

தையக்கட_முத்தியால்பேட்ட:

எம்மா, அந்த ரெண்டு புடவைய பாண்டி வரும்போது எடுத்துக்கினு வந்து குடுத்துட்டு போங்க. எங்க ஹெம்மிங் அக்கா ஃபால்ஸ் சூப்பரா அடிப்பாங்க, பீஸுக்கு என்ன காசோ அத நாத்தனார்கிட்டயே வாங்கிக்கோங்க. ஆனா தீபாவளிக்கு முன்னாடி கேக்காதீங்க. நேத்தோட 55 ஆயிடுச்சு.